ஐந்து லிட்டர் கேன்

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
பழமொழி அதோடு எழுந்து
கை கழுவப் போய்விடுகிறது.
மிச்சத்தை அளப்பது என் வேலை:
காரைக்குடி, செக்காலை ரோடு, முதல் மாடி,
செருப்பை வெளியே விடவும்.

சேவுகன் கேனைக் கட்டைப்பையில் வைத்து
பள்ளத்தூர் பஸ்ஸில் கொண்டுவந்தார்.
எண்ணெயா என்று கேட்டாராம் கண்டக்டர்.
"ஆமான்னுட்டேன்" என்றார், சிரிக்காமல்.
"பக்கத்துல இருந்தவன் செக்கு எண்ணெயாங்கிறான்."

இருபத்திரண்டு வருஷமாக மெஸ்ஸில் அடுப்படி.
கொதிக்கிற குழம்பிலிருந்து
உள்ளங்கையில் ஒரு சொட்டு,
நாக்கு, ஒரு தலையாட்டல்.
ஒரு நாளைக்கு எத்தனை உள்ளங்கை என்று
அவர் எண்ணியதில்லை.
இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம்,
இரண்டு பேர் எண்ணியிருக்கிறார்கள்.

இரண்டு லிட்டர் நூறு மில்லி.
சோடியம் இருநூற்று நாற்பது.
உப்பாகச் சொன்னால் பதினாலு கிராம்.
டாக்டர் சீட்டில் ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு.

"உள்ள தங்குதா, போயிருதா?"
"போயிருது."
"அப்பறம் என்னத்துக்கு மாத்திரை?"

இந்தக் கேள்வியோடுதான்
மதுரையில் மூன்று வருஷம் எலிகளோடு இருந்தேன்.

சிறுநீரகத்துக்கு ஒரு சட்டை உண்டு.
வெங்காயச் சருகைப் போல மெலிசு,
ஆனால் விட்டுக்கொடுக்காது.
தமனியில் அழுத்தம் ஏறும்போது
ஆழத்துக்கு நேராக இறங்கும் நாளங்கள் நிரம்பும்.
நாளத்துக்கும் குழலுக்கும் நடுவே
யாரும் பேர் சொல்லி அழைக்காத ஈரம்.
அங்கே நாலு மில்லிமீட்டர் பாதரசம்
ஏழாகும்.
மூன்றுதான் வித்தியாசம்.
அந்த மூன்றுக்குப் பயந்து
குழல் திருப்பி எடுக்க நினைத்த உப்பைக் கைவிடும்,
எடுத்ததிலும் கொஞ்சம்
வந்த வழியே கசியும்.

ஒருநாள் சட்டையை உரித்தோம்.
அதே அழுத்தத்தைக் கொடுத்தோம்.
முள் கொஞ்சம் ஆடி, நின்றுவிட்டது.
உப்பும் அரைமனதாகத்தான் வந்தது.
நெருக்க ஒரு சுவர் இல்லாத இடத்தில்
எதை எதன்மேல் அழுத்துவது?
கட்டுரையில் இதை இரண்டு வரியில் எழுதினேன்.
அன்று ராத்திரி விடுதிச் சாம்பாரில் உப்பில்லை.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சேவுகனிடம் எலியைப் பற்றிப் பேசவில்லை.
மெஸ்ஸில் ஐந்தொகை போடுவது யார் என்று கேட்டேன்.
"மொதலாளி. ராத்திரி பதினொண்ணுக்கு.
வரவும் செலவும் நேரா நிக்கணும் அவருக்கு."
"உங்களுக்கும் நிக்குது.
பதினாலு வந்தா பதினாலு போகுது.
நேரா நிக்கிறதுக்கு என்ன வட்டி கட்டுறீங்கன்னு
இந்தா, சீட்டுல போட்டிருக்கு."

நூற்று அறுபத்தெட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.
வட்டிக்கு இந்த ஊரில் யாரும் பொருள் கேட்பதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து:
"அழுத்தத்தைக் கொறச்சுட்டா
உப்பு உள்ளயே நின்னுராதா?"

எனக்கு மூன்று வருஷம் ஆன இடத்துக்கு
மாடிப்படி மூச்சு அடங்குவதற்குள்
வந்து நின்றார்.

"நிக்கும். அதான் ஒண்ணுக்குப் போற மாத்திரை.
அதான் வாயையும் கட்டச் சொல்றது."
"உப்புக்கண்டம்?"
நான் மெஷினைத் துடைத்தேன்.
"நான் திங்கலைன்னாலும் ருசி பாக்கணுமே"
என்றார், என்னிடமில்லை,
சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்திடம்.

மூன்று மாதம் தள்ளித் தேதி எழுதி
புதுக் கேன் கொடுத்தேன்.
பழையதையும் கேட்டார்.
"கழுவிக் குடுத்தா எண்ணெய்க்கு ஆகும்."
முகத்தைப் பார்த்தேன்.
இப்போதும் சிரிக்கவில்லை.

படியிறங்குகையில் முதுகு தெரிந்தது.
அடுப்படி வேர்வை காய்ந்து
சட்டையில் வெள்ளையாக ஒரு கோடு,
தோளிலிருந்து தோளுக்கு:
என் கேனில் விழாத உப்பு.
ரிப்போர்ட்டை அதற்குள் அச்சடித்துவிட்டேன்.